முப்பது நாளுக்கு மேற்பட்ட இடைவெளி

பிப்ரவரி 11, 2018
வயோமிங், மோட்டல் அறை எண் 9

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

நான் நலம். உன் இடது முழங்கால் நலமா? பனியில் வழுக்கி விழுந்து வைக்காதே. விழுந்தே தீருவேன் என்றால் நான் லைசென்ஸ் வைத்திருக்கும் ஏழு மாநிலங்களில் ஒன்றுக்கு வந்து விழு. கட்டுப்போட எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

எட்டாவதாக நெவாடாவுக்கு விண்ணப்பிக்கிறேன். ஊர் ஊராகப் போய்க் கத்திக்குச் சாணை பிடிக்கிறவனுக்கும் ஒப்பந்த டாக்டருக்கும் ஒரே வித்தியாசம், அவனிடம் யாரும் கைரேகை கேட்பதில்லை. எல்லையைத் தாண்டினால் இந்த நாட்டில் நான் டாக்டர் இல்லை, வெறும் ஐம்பத்து நான்கு வயதுத் தொப்பை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பட்டம், பிறப்புச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் முதலிலிருந்து காட்ட வேண்டும். பயிற்சி தந்த பேராசிரியரின் கையெழுத்து வேண்டுமாம். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது என்றேன். எனக்கு ஒப்பந்த வேலை பிடித்துத் தரும் ஏஜென்சிப் பெண் டெஸ்ஸா, "அப்படியா டாக்டர், அவரோட இமெயில் முகவரி இருக்கா?" என்கிறாள்.

கைரேகையும் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. முப்பது வருடமாகக் கை கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துவிட்டதாம். ரேகை எடுத்த போலீஸ்காரர், "கொள்ளை அடிக்கப் பிறந்த கை டாக்டர் இது, வீணாப் போச்சே" என்று வருத்தப்பட்டார்.

உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் என் பச்சைத் தகரப் பெட்டி இருக்கிறது. அதிலுள்ள சான்றிதழ்களைப் பிரதி எடுத்து அனுப்பு. இத்துடன் நெவாடா படிவமும் வைத்திருக்கிறேன். போட்டோ ஒட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீதான் நோட்டரி ஆயிற்றே, முத்திரையை மட்டும் ஒரு குத்து குத்தி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி,
கான்ராட்


பிப்ரவரி 20, 2018
நோர்டால், வடக்கு டகோட்டா

அன்புள்ள தம்பி கான்ராட்,

நலமாக இருக்கிறேன். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. போட்டோவில் இளைத்துத் தெரிகிறாய். தொப்பையைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறாய்.

பிரதிகள் உள்ளே இருக்கின்றன. படிவத்தை முத்திரை இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். தானியக் கூட்டுறவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் நான் அரசு நோட்டரி. கையெழுத்துப் போடுகிறவர் என் எதிரில் நிற்க வேண்டும். "இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறாயா?" என்று நான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் என் காதில் விழ வேண்டும். தபாலில் வந்த சத்தியத்துக்கு நான் முத்திரை குத்துவதில்லை. தம்பிக்கென்றால் நிச்சயமாகக் குத்த மாட்டேன்.

இனி ஊர் விஷயம். டாக்டர் ஆம்டால் அக்டோபர் ஒன்றோடு ஓய்வு பெறுகிறார். மாதத்தில் பாதி நாளாவது இருக்க ஒரு டாக்டர் கிடைக்காவிட்டால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அடுத்த ஆஸ்பத்திரி அறுபத்திரண்டு மைல். உன்னைக் கேட்டுப் பார்க்கும்படி ஆஸ்பத்திரிக் குழு என்னிடம் சொன்னது. குழுத் தலைவி ஜோலீன் ஸ்டெனர்சன். ஆமாம், வர்ஜிலின் மனைவி ஜோலீன்தான்.

போனில் கேட்டிருப்பேன். நீ ஜோக் சொல்லித் தப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

கம்பளிக் காலுறை போடு.
ஆர்லிஸ்


மார்ச் 2, 2018
வயோமிங்

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். நீயும் சுகம்தான், கடிதத்தில் இருக்கும் காரத்திலேயே தெரிகிறது.

உன் சத்தியத்துக்குப் பயந்து இங்கேயே ஒரு நோட்டரியைப் பிடித்தேன். தூண்டில் முள்ளும் துப்பாக்கியும் விற்கும் கடை. கடைக்காரர்தான் நோட்டரி. ஒரு கையில் சாண்ட்விச்சோடு, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். "சத்தியம் ஏதாவது கேக்கணுமே?" என்றேன். "பொய் சொல்ற மூஞ்சியா தெரியல, புழு வேணுமா?" என்றார். அவருக்காகவே ஒரு டப்பா புழு வாங்கினேன். இப்போது மோட்டல் குளிர்பெட்டியில் என் பால் பக்கத்தில் இருக்கிறது.

இங்கே நர்ஸ்கள் எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், "கம்பி டாக்டர்". யார் எதற்கு வந்தாலும் இ.சி.ஜி. கம்பியை மாட்டச் சொல்கிறேனாம். நேற்று ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் கால் கட்டைவிரல் மிதிபட்டு வந்தார். கம்பியை ஒட்ட ஆரம்பித்ததும், "டாக்டர், மாடு மிதிச்சது கீழ. நீங்க மேல தேடுறீங்க" என்றார். வார்டே சிரித்தது.

எனக்கு நேரமாகிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கான்ராட்


மார்ச் 10, 2018
நோர்டால்

அன்புள்ள கான்ராட்,

நலம். புழுவும் நலம் என்று நம்புகிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

அறுபத்திரண்டு மைல் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் பனிப்புயலில் நெடுஞ்சாலையை மூடினார்கள். அன்று காலை மார்னா குவாலியின் மகளுக்குப் பிரசவ வலி. ஆம்டால் இருந்தார், குழந்தை பிறந்தது. அடுத்த பனிக்காலத்தில் அவர் இருக்க மாட்டார். அக்டோபரில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை. தூக்கமில்லாமல் லாரி ஓட்டும் ஐம்பது அறுபது பேர், கை மாட்டிக்கொள்ளும் இயந்திரங்கள். எல்லாம் உனக்குத் தெரியும், பத்தொன்பது வருடம் இங்கே தைத்தவன் நீ.

எட்டு மாநிலத்தில் டாக்டராக இருப்பாய். பிறந்த மாநிலத்தின் லைசென்ஸை மட்டும் காலாவதியாக விட்டாய். மறந்துவிட்டது என்று சொல்லாதே. நூலகப் புத்தகத்தைக்கூட நீ ஒரு நாள் தாமதித்ததில்லை.

புதுப்பிக்கும் படிவத்தை வைத்திருக்கிறேன்.

ஆர்லிஸ்


மார்ச் 28, 2018
வயோமிங்

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலம்தானே?

படிவம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு. நெவாடாக்காரர்கள் என் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். மருத்துவக் கல்லூரியில் இருந்து இன்றுவரை ஒவ்வொரு மாதமும் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். "முப்பது நாளுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தால் விளக்கவும்." மற்ற ஏழு மாநிலத்திலும் 'சொந்த விடுப்பு' என்று எழுதித் தப்பித்தேன். இவர்களுக்கு அது போதவில்லை. 2012 செப்டம்பர் 18 முதல் நவம்பர் 30 வரை. எழுபத்து மூன்று நாள். அந்த நாட்களில் நான் உன் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன் என்று, அல்லது ஏரியில் மீன் பிடித்தேன் என்று, உன் கையெழுத்தில் நான்கு வரி வேண்டும். நல்ல மீனாக எழுது.

உங்கள் ஊர்ப் படிவத்தைப் பற்றி. பதினான்காவது கேள்வி எல்லா மாநிலத்திலும் உண்டு. உங்கள்மேல் வழக்கு வந்திருந்தால் சொந்த வார்த்தைகளில் விளக்கவும். வக்கீல் எழுதித் தந்த ஒரு பத்தியை எட்டு முறை ஒட்டியிருக்கிறேன். இதுதான் அது:

'48 வயது ஆண், மேல்வயிற்று எரிச்சலுடன் வந்தார். பரிசோதிக்கப்பட்டு, அமிலம் குறைக்கும் மருந்து தரப்பட்டு, நிலையான உடல்நிலையில் அனுப்பப்பட்டார். அன்று மாலை மாரடைப்பால் இறந்தார். தவறு ஒப்புக்கொள்ளப்படாமல் காப்பீட்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.'

வயோமிங்கில் இதைப் படிக்கிறவருக்கு அது ஒரு 48 வயது ஆண். நோர்டாலில் அது வர்ஜில், அக்கா. ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து பெஞ்ச்.

மீனை மறந்துவிடாதே.

கான்ராட்


ஏப்ரல் 5, 2018
நோர்டால்

அன்புள்ள கான்ராட்,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மீன் எழுத மாட்டேன். அந்த எழுபத்து மூன்று நாள் நீ என் கீழ்த்தளத்தில் இருந்தாய். ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. படிக்கட்டில் சூப் வைத்தேன். சில நாள் கிண்ணம் காலியாக வந்தது, சில நாள் ஆறிப்போய் வந்தது. வெள்ளையடித்தது நான்தான், நவம்பரில், சாயம் உறைந்துபோகும் குளிரில், நீ எட்டிப் பார்ப்பாய் என்று. நெவாடாவுக்கு எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் கிளினிக்கின் சுவர் மெல்லிசு. அப்போது நான் வேலை பார்த்த வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தால் உன் அறையில் பேசுவது கேட்கும். அன்றைக்கும் கேட்டது.

வர்ஜில் சொன்னான்: "நெஞ்சுக்குழியில ஏதோ ஏறி உக்காந்திருக்குடா, இறங்க மாட்டேங்குது."

நீ சொன்னாய்: "அது நோய் இல்லடா, ஜோலீன் சமைச்சுப் போடற ஹாட்டிஷ். ஆயுள் தண்டனை. நீயா போய் மாட்டிக்கிட்ட, அனுபவிச்சுதான் ஆகணும்."

அவன், "அப்ப ஜாமீனாவது குடுடா" என்றான். நீ மருந்துச் சீட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. "இந்தா ஜாமீன்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

வக்கீலின் பத்தியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 'பரிசோதிக்கப்பட்டு' என்ற இடத்தில் இந்தச் சிரிப்பு இருக்கிறது. உன் ரேகை தேய்ந்தது சோப்பால் என்கிறாய். நீ கை கழுவியது சோப்பால் மட்டும் இல்லை, தம்பி.

கோபத்தில் எழுதவில்லை. சாப்பிடு.

ஆர்லிஸ்


மே 27, 2018
நோர்டால்

கான்ராட்,

ஏப்ரல் 5-க்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஐம்பத்திரண்டு நாள்.

முப்பது நாளுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தால் விளக்கவும்.

ஆர்லிஸ்


ஜூன் 9, 2018
வயோமிங்

அக்கா,

விளக்குகிறேன்.

உன் கடிதத்தை மேல்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். பதிலாக நாலைந்து வேடிக்கைகள் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தன. கிழித்துவிட்டேன்.

அன்று காலை காத்திருந்தவர்கள் பதினொரு பேர். இ.சி.ஜி. இயந்திரம் அறை மூலையில் இருந்தது. எட்டு அடி. பிறகு பல முறை அளந்திருக்கிறேன், எட்டு அடிதான். வர்ஜிலின் நெற்றியில் வியர்வை இருந்தது. பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன். எழுந்து அந்த எட்டு அடி நடக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் ஜாமீன் கேட்டான். அவ்வளவு நன்றாகக் கேட்டான் அக்கா, அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்தால் வேடிக்கை கெட்டுப்போகும் என்று உட்கார்ந்திருந்தேன். நடந்தது இவ்வளவுதான். அறியாமை இல்லை, அவசரம்கூட இல்லை. பதிலடி தயாராக இருந்தது, அதைக் கைவிட மனமில்லை.

இதை எந்த மாநிலத்துக்கும் எழுதவில்லை. ஒரு மாநிலத்தில் பேர் பழகுவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பித்துவிடுவேன். டெஸ்ஸா என்னை 'ஊர் சுற்றும் ஆசைக்காரர்' என்று நினைக்கிறாள். கட்டைவிரல் மிதிபட்டவருக்கும் கம்பி மாட்டுவது ஏன் என்று நர்ஸ்களுக்கும் தெரியாது.

பதினான்காவது கேள்விக்கு மேலே எழுதியதையே எழுதலாம் என்றிருக்கிறேன். சொந்த வார்த்தைகளில் என்றுதானே கேட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் தர மறுத்தாலும் மறுக்கட்டும். ஆனால் அதற்கு முன் ஜோலீனுக்குத் தெரிய வேண்டும். அரசுக் கோப்பில் போய் அவள் இதைப் படிக்கக் கூடாது. நானே வந்து சொல்லத்தான் வேண்டும். தைரியம் வரவில்லை. நீ கேட்டுப் பார்ப்பாயா, நான் வந்தால் கதவைத் திறப்பாளா என்று மட்டும்.

உன் முழங்காலைக் கேட்காமலே முடிக்கப் பார்த்தேன். எப்படி இருக்கிறது?

கான்ராட்


ஜூன் 20, 2018
நோர்டால்

அன்புள்ள தம்பி,

முழங்கால் தேவலை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினொரு பேர் என்பது சரி, நான்தான் உட்காரவைத்தேன்.

ஞாயிறன்று தேவாலயக் கூடத்தில் எல்லோரும் போன பிறகு ஜோலீனும் நானும் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். கான்ராட் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்கிறான் என்றேன்.

"ஹாட்டிஷ் விஷயமா?" என்றாள்.

என் கையிலிருந்த கோப்பை நழுவித் தொட்டியில் விழுந்தது. உடையவில்லை.

"வர்ஜில் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமா அதைத்தான் சொன்னான். ஆயுள் தண்டனை, ஜாமீன், எல்லாத்தையும் நடிச்சே காட்டினான். நானே சிரிச்சேன், ஆர்லிஸ். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேதான் சொன்னான். நான் என்னான்னு கேட்டேனா? நீ கேட்டியா? அப்புறம் லாரியில ஏறிப் போனான்."

அவள் ஒரு கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காசு குடுத்தாங்க. வக்கீல் கடுதாசி குடுத்தாங்க. அந்த ஆளு மட்டும் வந்து ஒண்ணும் சொல்லல. சாவு வீட்டுக்கு வந்தான், மூலையில நின்னான், போனான். அப்புறம் ஊரை விட்டே போயிட்டான். ஆறு வருஷமா ஒரு வார்த்தைக்கு உக்காந்திருக்கேன்."

"இப்ப வரட்டுமா?" என்றேன்.

"வரட்டும். ஆனா ஒண்ணு, மன்னிச்சுட்டேன்னு எழுதிடாத. மன்னிக்கல. நாளைக்கு மன்னிப்பேனான்னும் தெரியாது. அது வேற. அந்த ஆஸ்பத்திரிய மூடினா இன்னொருத்தி புருஷன் ரோட்டுல சாவான். அது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, அக்காவும் தம்பியும்."

கிளம்பும்போது வாசலில் திரும்பினாள். "நேரா என் வீட்டுக்கு வரச் சொல்லு. அன்னையிலேருந்து நான் ஹாட்டிஷ் செய்யல. அவன் வர்றன்னிக்கு செய்யறேன். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்காம திங்கணும்."

எப்போது வருகிறாய்?

ஆர்லிஸ்


ஜூலை 3, 2018
வயோமிங்

அன்புள்ள அக்கா,

நலம். ஜூலை 14 சனிக்கிழமை காலை புறப்பட்டு வருகிறேன். முதலில் ஜோலீன் வீடு. அதன் பிறகு நடக்கத் தெம்பிருந்தால் உன் அலுவலகம். முத்திரையில் மை இருக்கட்டும்.

நெவாடாவுக்கு உண்மையையே எழுதிவிட்டேன், எழுபத்து மூன்று நாள், அக்கா வீட்டுக் கீழ்த்தளம், சூப். டெஸ்ஸா படித்துவிட்டுப் போன் செய்தாள். "என்ன சூப் டாக்டர்?" என்றாள்.

என்ன சூப் அக்கா அது? எனக்கு நினைவில்லை.

கான்ராட்


ஜூலை 17, 2018
நோர்டால்

அன்புள்ள தம்பி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். கோழியும் மாவுருண்டையும் போட்ட சூப். நேரில் நீ கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜோலீன் வீட்டில் இரண்டரை மணி நேரம் என்ன பேசினீர்கள் என்று நானும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அதை இடைவெளியாக நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக முத்திரை குத்துகிறேன். டிராக்டர் விற்கிறவன், நிலம் வாங்குகிறவன், சொத்துக்கு அடித்துக்கொள்கிறவன், எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் நான் முடிப்பதற்குள் "ஆமா ஆமா" என்பார்கள். நீ ஒரு ஜோக் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். உள்ளூர அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நீ தொப்பியைக் கழற்றினாய். "சத்தியம்" என்றாய். முத்திரை கோணலாக விழுந்துவிட்டது.

செல்லுபடியாகும். விசாரித்துவிட்டேன்.

ஆர்லிஸ்


அக்டோபர் 4, 2018
நோர்டால் ஆஸ்பத்திரி, அவசர சிகிச்சைப் பிரிவு

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? நான்கு தெரு தள்ளி இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுகிறேன் என்று சிரிக்காதே. வாய்விட்டுப் பேசினால் ஜோக் சொல்லித் தப்பிவிடுவேன் என்று சொன்னது நீதான்.

வடக்கு டகோட்டா என்னை நேரில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டதையும், முதல் வருடம் என் கோப்புகளை இன்னொரு டாக்டர் பார்ப்பார் என்ற நிபந்தனையோடு லைசென்ஸ் தந்ததையும் உனக்குச் சொன்னேன். நேற்று நடந்ததைச் சொல்லவில்லை.

காலை பத்து மணிக்கு ஒரு பீட்ரூட் லாரிக்காரர் வந்தார். பெயர் டுவெய்ன், வயது ஐம்பது இருக்கும். கை நெஞ்சுக்குழியில். "ஒண்ணுமில்ல டாக்டர், எரிச்சல். ஒரு மாத்திரை குடுங்க, லாரி ஓடிட்டிருக்கு" என்றார். அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் கம்பியை ஒட்டிவிட்டேன். காகிதம் வந்தது. சரியாகத்தான் இருந்தது. அது போதாது, ரத்தம் எடுத்தேன். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும், லாரியை அணைத்துவிட்டு வாருங்கள் என்றேன்.

மனிதர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே! "எரிச்சல்னு வந்தவனுக்கு ஜெயிலா?" என்றார். மூன்று மணி நேரமும் கட்டிலில் உட்கார்ந்து என் பரம்பரையையே விசாரித்தார். "ஏன் டாக்டர், ஜாமீன் கீமீன் ஏதும் கிடையாதா?"

தெரியாமல்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும், பக்கத்து மாவட்டத்து ஆள்.

நல்ல பதில் ஒன்று உடனே நாக்கு நுனிக்கு வந்தது, அக்கா. சத்தியமாக அருமையான பதில். வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணிக்கு இரண்டாவது முடிவு வந்தது. அதுவும் சரியாக இருந்தது. வெறும் எரிச்சல்தான். காகிதத்தை இரண்டு முறை படித்து, கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். லாரிக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே போனார். லாரி மூலை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன்.

வியாழக்கிழமை சூப் இருந்தால் சொல்லி அனுப்பு. மேலே வந்து சாப்பிடுகிறேன்.

உன் தம்பி,
கான்ராட்